பழைய கேலிப்படத்தைக் கேன்வாஸில் அடிக்கும் முன்

ஹால் சுவருக்குக் குதிரைப் படமும் அருவிப் படமும் வேண்டாம், வரலாறு பேசுகிற ஒரு பழைய அரசியல் கேலிப்படத்தைப் பெரிதாகக் கேன்வாஸில் அடித்து மாட்டலாம் என்று நினைக்கிறீர்களா? நல்ல யோசனைதான். ஆனால் பிரிண்டிங் கடைக்குப் போய் "இதை மூணுக்கு ரெண்டு சைஸில் போட்டுக் கொடுங்க" என்று சொல்வதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால், பணமும் வீணாகாது, படமும் கெடாது. சிங்காநல்லூரில் இருக்கும் உங்களுக்காகவே, நம்ம ஊர்ச் சரித்திரத்தோடு ஒட்டிய ஒரு படத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

எந்தப் படம்? லண்டனில் ஜேம்ஸ் கில்ரே என்ற ஓவியர் வரைந்து, 1791 டிசம்பர் 6 அன்று வெளிவந்த கேலிப்படம். 'பருவமழை வருகிறது, அல்லது ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பின்வாங்கல்' என்பது அதன் தலைப்பின் பொருள். கோட்டைச் சுவர் மேல் நின்றபடி திப்பு சுல்தான் சிறுநீர் கழிக்கிறார். அது கீழே ஓடுகிற கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் மேல் விழுகிறது. தலைப்பில் இருக்கும் 'மழை' அதுதான். ஆம், அந்தக் காலத்துக் கேலி அவ்வளவு பச்சையாகத்தான் இருந்தது.

ஒரு ஆங்கிலேயர் எதற்குத் தன் நாட்டுத் தளபதியையே இப்படி வரைந்தார் என்று உங்களுக்குத் தோன்றும். 1791 மே மாதம் காரன்வாலிஸ் பெரும் படையோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கினார். மே 15-ஆம் தேதி அரகெரே அருகே நடந்த சண்டையில் வென்றும் விட்டார். ஆனால் படைக்குச் சோறில்லை, வண்டி இழுக்கும் மாடுகள் செத்து விழுந்தன, மழையும் பிடித்துக்கொண்டது. கோட்டையை உடைக்கக் கொண்டுபோன பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். பத்து வருடத்துக்கு முன் அமெரிக்காவில், யார்க்டவுன் என்ற இடத்தில், வாஷிங்டனின் படையிடம் சரணடைந்தவரும் இதே காரன்வாலிஸ்தான். லண்டன்காரர்களுக்கு அது மறந்திருக்காது. கேலி செய்ய இதற்கு மேல் என்ன வேண்டும்?

இதில் கோயம்புத்தூர் எங்கே வருகிறது? அதே போரில்தான், அதே வருடத்தில். 1790-இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கோயம்புத்தூரைப் பிடித்திருந்தது. 1791 ஜூனில் திப்புவின் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே லெப்டினன்ட் சால்மர்ஸ் என்ற அதிகாரியும், திருவிதாங்கூர்ச் சிப்பாய்கள் அடங்கிய ஒரு சிறு படையும். ஆகஸ்டில் நடந்த பெரிய தாக்குதலை அவர்கள் தடுத்துவிட்டார்கள். பிறகு திப்புவின் தளபதி கமருதீன் கான் தலைமையில் இன்னும் பெரிய படை வந்தது. நவம்பர் தொடக்கத்தில் கோட்டை சரணடைந்தது, சால்மர்ஸ் கைதியாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்.

இப்போது தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இந்தியச் செய்தி கப்பலில் லண்டன் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகும். மே மாதத்துப் பின்வாங்கலைப் பார்த்து லண்டன் டிசம்பரில் சிரித்துக்கொண்டிருந்தபோது, கோயம்புத்தூர் கைவிட்டுப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அது அங்கே யாருக்கும் தெரியாது. அடுத்த மூன்று மாதத்துக்குள் நிலைமை தலைகீழானது. 1792 பிப்ரவரியில் காரன்வாலிஸ் மறுபடி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்துவிட்டார். கைதியாக வைத்திருந்த சால்மர்ஸையே விடுவித்து, அவர் கையில் சமாதானக் கடிதம் கொடுத்து அனுப்பினார் திப்பு. உடன்படிக்கையில் தன் நாட்டில் பாதியையும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும், பிணையாகத் தன் இரு மகன்களையும் கொடுக்க வேண்டி வந்தது. கோயம்புத்தூர் மட்டும் 1799-இல் திப்பு இறக்கும் வரை அவரிடமே இருந்தது. அந்தக் கோட்டை இன்றைக்கு இல்லை. உக்கடம் பக்கம் போனால் கோட்டைமேடு என்ற பெயர் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்து பார்த்தால், ஒரு போரின் நடுவில், முடிவு தெரியாமல் சிரித்த சிரிப்பு அந்தப் படம் என்பது விளங்கும். அதை நம்ம ஊரில் மாட்டுவதற்கு நான் காணும் காரணம் இதுதான்.

'திப்புவைப் புகழும் படமா இது?' என்று கேட்கலாம். இல்லை. அடி காரன்வாலிஸுக்கு என்றாலும், திப்புவையும் கில்ரே மரியாதையாக வரையவில்லை. கொங்கு நாட்டில் திப்புவைப் பற்றிய நினைவும் ஒரே மாதிரி இல்லை. அவரோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலையைப் போற்றுகிற அதே மண்ணில், மைசூர்ப் படை வந்துபோன காலத்தைக் கசப்போடு சொல்கிற குடும்பங்களும் உண்டு. வீட்டுக்கு வருகிற யாராவது கேட்பார்கள். பதில் உங்களிடம் தயாராக இருக்கட்டும்.

சிறுநீர்க் காட்சி ஹாலுக்குச் சரிவராது என்றால் வேறு படம் இருக்கிறதா? இருக்கிறது. கில்ரேயின் படங்களிலேயே மிகவும் பெயர்பெற்றது 1805 பிப்ரவரி 26-இல் வந்தது. இங்கிலாந்துப் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் எதிரெதிரே உட்கார்ந்து, உலக உருண்டையைப் பண்டம் மாதிரி தட்டில் வைத்து வெட்டித் தின்கிறார்கள். நெப்போலியன் வாளால் ஐரோப்பாவை அறுக்கிறார், பிட் கடலை அள்ளிக்கொள்கிறார். அதே 1805-இல்தான் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். படத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் உலகத்தை இருவர் பங்குபோட்ட அந்த மேசைக்கு வெளியே யார் யார் இருந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு அவர் முகம்தான் வருகிறது.

தமிழ்ப் படமே வேண்டும் என்றால் பாரதியிடம் போங்கள். 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அரசியல் கருத்துப்படம் போடும் வழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த இதழ் வந்த வருடங்களில்தான் வ.உ.சி. நம்ம கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அந்தப் படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994-இல் புத்தகமாகக் கொண்டுவந்திருக்கிறார். ஒன்று மட்டும் கவனியுங்கள்: வாரப் பத்திரிகைத் தாளில் அச்சான சிறிய படங்கள் அவை. மூன்றடிக்குப் பெரிதாக்கினால் கோடுகள் தடித்து ஈஷிவிடும். அவற்றைச் சிறிதாகத் தாளில் அடித்துக் கண்ணாடி போட்டு மாட்டுவதே நல்லது.

இனி தொழில் விஷயத்துக்கு வருவோம். கில்ரே படம் எப்படி உருவானது என்று தெரிந்தால், கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உலோகத்தில் உளியால் அப்படி நேரடியாகக் கோடு இழுப்பது செதுக்கச்சு. கில்ரே பெரும்பாலும் செய்தது அதன் தம்பி முறை, அமில அரிப்பு (மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறிய இடத்தை மட்டும் அமிலத்தால் அரிக்க வைப்பது). அரித்த பள்ளத்தில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் பள்ளத்து மை தாளில் ஏறும். அச்சில் எல்லாம் இடவலம் மாறி விழும் என்பதால் எழுத்துகளைத் தகட்டில் இடவலம் மாற்றி எழுத வேண்டும்.

இந்த முறையில் நிழல் என்பதே கிடையாது. கறுப்புக் கோடு உண்டு, வெள்ளைத் தாள் உண்டு, அவ்வளவுதான். நிழலாகத் தெரிவதெல்லாம் மயிரிழை போன்ற கோடுகளை நெருக்கி நெருக்கி இட்டது. பெரிதாக்கும்போது முதலில் சாவது அந்தக் கோடுகள்தான்.

நிறம்? அச்சான பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் நீர்வண்ணம் பூசினார்கள். அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் கோட்டு சிவப்பாகப் பளிச்சென்று இருக்கும், இன்னொன்றில் வெளிறி இருக்கும். வண்ணமே பூசாத பிரதிகளும் உண்டு. 'எது சரியான நிறம்?' என்று குழம்ப வேண்டாம், எல்லாம் அசல்தான். உங்கள் சுவருக்கு எது பொருந்துகிறதோ அந்தப் பிரதியின் கோப்பைத் தேடி எடுங்கள். கடைக்காரர் கலரைத் தூக்கிக் காட்டுகிறேன் என்றால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். தாளின் பழுப்பு மஞ்சளாகிவிடும்.

படத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். வெளியான தேதி, வெளியிட்ட ஹன்னா ஹம்ஃப்ரியின் பெயர், லண்டனில் அவர் கடை இருந்த தெரு. அலங்காரத்துக்கு வைத்ததல்ல அது. ஓவியர் ஹோகார்த் முதலானவர்கள் போராடி வாங்கிய 1735-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேதியும் உரியவர் பெயரும் தகட்டில் இருந்தால்தான் செதுக்கச்சுக்குப் பாதுகாப்பு. முதலில் 14 வருடம், 1767-க்குப் பிறகு 28 வருடம். மற்றவர் திருட்டுத்தனமாக நகலடிக்காமல் இருக்கப் போட்ட அந்த வரிதான், இன்றைக்கு நமக்கு இந்தப் படம் 1791 டிசம்பர் 6 என்று சாட்சி சொல்கிறது. மேலே தேதிகளைச் சேர்த்துப் பார்த்தோமே, அது முடிந்ததே இந்த வரியால்தான். கேன்வாஸ் அடிக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் இதுதான். இதைக் காப்பாற்றுவது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

'இன்றைக்கு அடித்தால் காப்புரிமைப் பிரச்சினை வருமா?' இந்தியச் சட்டத்தில் ஓவியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் உரிமை இருக்கும். கில்ரே இறந்தது 1815-இல். பாரதியின் 'இந்தியா' இதழ்ப் படங்களும் நூறு வருடம் தாண்டியவை. இரண்டு பக்கமும் பிரச்சினை இல்லை. ஆனால் கேலிப்பட ஓவியர்கள் ஆர்.கே. லட்சுமண், கோபுலு இருவரும் 2015-இல்தான் காலமானார்கள். அவர்கள் படங்களுக்கு 2075 முடியும் வரை உரிமை உண்டு. இன்னொரு கேலிப்பட ஓவியர் சங்கர் 1989-இல் மறைந்தவர், அவர் படத்துக்கு 2049 வரை. இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக இவற்றை எடுத்து அடிக்கக் கூடாது. உரியவரிடம் கேட்டு வாங்குங்கள்.

படம் பழையது, அதைப் பிடித்த போட்டோ புதியதாயிற்றே என்ற சந்தேகமும் நியாயமானது. அருங்காட்சியகத்துக்கு அருங்காட்சியகம் விதி வேறு. பிரிட்டிஷ் மியூசியத்தில் இந்தத் திப்பு படம் இருக்கிறது. அவர்கள் தரும் கோப்பை வணிக நோக்கம் இல்லாமல், எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை முடிந்த படைப்புகளின் கோப்புகளை எந்தக் காரியத்துக்கும் இலவசமாகத் தருகிறது. கில்ரேயின் பல படங்கள் அங்கே உண்டு. உங்கள் வீட்டுச் சுவருக்கு என்றால் இரண்டுமே சரி. ஓட்டலுக்கோ ஆபீசுக்கோ என்றாலும், பிரதி எடுத்து விற்கப் போகிறீர்கள் என்றாலும், முழுதும் கட்டற்ற கோப்பையே தேடிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

கோப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அசல் கில்ரே படம் சுமார் 14 அங்குலம் அகலம், 10 அங்குலம் உயரம். ஏ4 தாளைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவே. அதை இரண்டு மடங்காக்கி 28-க்கு 20 அங்குலத்தில் அடிக்க, அங்குலத்துக்கு 150 புள்ளி (பிக்சல்) கணக்கில் 4200-க்கு 3000 புள்ளி வேண்டும். கோட்டோவியம் என்பதால் 200 கணக்கில், அதாவது 5600-க்கு 4000 இருந்தால் நிம்மதி. கூகுளில் தேடி எடுத்த படம் பெரும்பாலும் 1000, 1200 புள்ளிதான் இருக்கும். போன் திரையில் அழகாகத் தெரிந்து, சுவரில் ஏறியதும் புகைமூட்டமாகிவிடும்.

கணக்குப் போட வரவில்லை என்றால் ஒரு எளிய வழி. கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து, நீங்கள் அடிக்கப்போகும் அளவுக்குத் திரையில் பெரிதாக்குங்கள். அடியில் இருக்கும் அந்தப் பொடி வரியைப் படிக்க முடிகிறதா? முடிந்தால் அந்த அளவுக்கு அடிக்கலாம். எழுத்து கலங்கினால் அளவைக் குறையுங்கள்.

நல்ல கோப்பைப் பிடித்துவிட்டு அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் போட்டோவாகக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோங்கள். 'ஏஐ வைத்துக் கிளாரிட்டி ஏற்றித் தருகிறோம்' என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது இல்லாத கோட்டைக் கற்பனையாகச் சேர்க்கும், எழுத்துகளை எந்த மொழியுமில்லாத கிறுக்கலாக்கும், முகத்தை மழமழவென்று ஆக்கிவிடும். கில்ரேயின் கேலி முழுக்க அந்த முகங்களில்தான் இருக்கிறது.

சரி, கேன்வாஸ்தான் வேண்டுமா? உண்மையைச் சொல்ல வேண்டும். மயிரிழைக் கோடுகளுக்குக் கேன்வாஸ் அவ்வளவு நல்ல துணை இல்லை. நெசவின் மேடுபள்ளம் மெல்லிய கோட்டை விழுங்கும். ஒன்றரை அடிக்குக் குறைவான படம் என்றால் மழமழப்பான பருத்தித் தாளில் அடித்துக் கண்ணாடிச் சட்டம் போடுவதே அழகு. இரண்டடிக்கு மேல் போனால் கேன்வாஸ் வசதி. கனமில்லை, கண்ணாடிப் பளபளப்பு இல்லை, டியூப் லைட் அதில் முகம் பார்க்காது. மில் ஊரில் இருக்கிற உங்களுக்கு நூல் நெருக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. துணுக்கைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நெருங்கிய மெல்லிய நெசவாகத் தேர்ந்தெடுங்கள். பின்பக்கமும் திருப்பிப் பாருங்கள். நூல் தெரிந்தால் துணி. பிளக்ஸ் மாதிரி வழுவழுவென்று இருந்தால் அது கேன்வாஸ் தோற்றம் கொடுத்த பிளாஸ்டிக்.

பளபளப்பா மங்கலா என்று கேட்பார்கள். மங்கல் (மேட்) என்று சொல்லுங்கள். பழைய தாளின் சாயலுக்கு அதுதான் பொருந்தும். மை விஷயத்தில் பிக்மென்ட் மை (நிறப்பொடி கலந்த, சீக்கிரம் வெளுக்காத மை) இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இப்போது அந்த அடிவரிக்கு வருகிறேன். கேன்வாஸை மரச்சட்டத்தின் மேல் இழுத்து, ஓரங்களைப் பக்கவாட்டில் மடித்து, பின்னால் ஸ்டேப்ளர் பின் அடிப்பார்கள். சட்டத்தின் கனம் ஒன்றரை அங்குலம் என்றால் நான்கு பக்கமும் படத்தில் அவ்வளவு மடிப்புக்குள் போகும். இயற்கைக் காட்சியில் நான்கு இலை போனால் யாருக்கும் தெரியாது. கேலிப்படத்தில் மேலே பாத்திரங்கள் பேசும் வசனம் போகும், கீழே தலைப்பும் தேதியும் போகும். கடையில் இப்படிச் சொல்லுங்கள்: "படம் முழுசும் முன்பக்கம் தெரியணுங்க. நாலு பக்கமும் ரெண்டு அங்குலம் வெறும் ஓரம் சேர்த்துடுங்க, அதைப் பேப்பர் கலர்லயே விட்டுடுங்க, அதை மட்டும் மடிங்க." படத்தின் விளிம்பையே கண்ணாடி பிம்பம் போலத் திருப்பி மடிப்பில் ஒட்டுகிற வழக்கமும் உண்டு. இதற்கு அது வேண்டாம், பக்கவாட்டில் எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும்.

முழுப்படம் அடிக்கும் முன் ஒரு மாதிரித் துண்டு கேளுங்கள். நடுப்படத்திலிருந்து வேண்டாம். திப்புவின் முகம் உள்ள ஒரு கைப்பிடி அளவும், அடிவரியில் ஒரு விரல் நீளமும், நிஜ அளவில், அதே கேன்வாஸில். எழுத்து படிக்க முடிந்து, முகத்தில் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகத் தெரிந்தால் கோப்போ துணியோ மாற வேண்டும். இந்தத் துண்டுக்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். முழுப்படத்தைத் திரும்ப அடிப்பதைவிட அது எவ்வளவோ தேவலை.

மாட்டும் இடம்? மேற்கு வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம். குளத்துப் பக்கத்து வீடுகளில் ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவர் ஓதம் ஏறும். அந்தச் சுவரில் மாட்டினால் கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். உள்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் சிறு ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் துணிக்கும் இடையே காற்று போகும். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, காய்ந்த மெல்லிய பிரஷ் போதும். மரச்சட்டம் மழைக்காலத்தில் உப்பி வெயிலில் சுருங்கும், அதனால் ஒரு வருடத்தில் துணி லேசாகத் தொய்யலாம். பின்னால் மூலைகளில் முளைக்குச்சி வைத்த சட்டமாகக் கேட்டு வாங்கினால், லேசாகத் தட்டி நீங்களே இறுக்கிக்கொள்ளலாம்.

குழந்தைகள் 'இந்த மாமா என்ன பண்றாரு?' என்று கேட்பார்களே என்றால், கேட்கத்தான் செய்வார்கள். உள்ளதைச் சொல்லலாம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. சாமி அறைக்கு எதிரிலோ சாப்பாட்டு மேசைக்கு மேலோ மாட்டாமல் படிக்கிற அறையிலோ மாடிப்படி ஏறும் சுவரிலோ மாட்டுவது உத்தமம். பக்கத்தில் ஒரு சின்ன அட்டையில் தமிழில் நான்கு வரி எழுதி வையுங்கள்: வரைந்தவர் ஜேம்ஸ் கில்ரே, வெளியான நாள் 1791 டிசம்பர் 6, அசல் அமில அரிப்பு அச்சு, இது கேன்வாஸ் நகல். கோப்பை எந்த அருங்காட்சியகத்திலிருந்து எடுத்தீர்களோ அதன் பெயர் ஐந்தாவது வரி. கோயம்புத்தூர்க் கோட்டை விழுந்த மாதத்தையும் சேர்க்க இடமிருந்தால் சேருங்கள்.